வளையம் இல்லாத பயணி

வளையக்காரம்மாவுக்கு மூளையைவிடக் கை வேகம். என்ன சமைப்பது என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் கை வெங்காயத்தை நறுக்கி முடித்திருக்கும். பேருந்தில் முன்னால் நிற்கும் யாரோ ஒரு குழந்தையின் சட்டைப் பொத்தான் முதுகில் திறந்து கிடந்தால், கை தன் பாட்டுக்குப் போய்ப் போட்டுவிடும். குழந்தையின் அம்மா திரும்பி முறைக்கும்போதுதான் இவளுக்கே விஷயம் தெரியும். தெருவில் யாருடைய கழுத்துச் சங்கிலி முடிச்சு விழுந்தாலும், யார் வீட்டு நூல்கண்டைப் பூனை உருட்டினாலும், கடைசியில் அது இவளிடம்தான் வந்து சேரும். வாசலில் நின்றபடி, பக்கத்து வீட்டுச் சண்டை எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று விசாரித்துக்கொண்டே பிரித்துக் கொடுத்துவிடுவாள். எப்படிப் பிரித்தாய் என்று கேட்டால் முழிப்பாள்.

அந்தக் கைதான் அவளுக்கு வேலையும் வாங்கிக் கொடுத்தது. ஏரிக்கரையில் பறவைகளுக்கு வளையம் போடும் நிலையத்தில் வலை தைக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள், போனாள். வலை தைத்தவள் வலையில் மாட்டிய குருவியை எடுக்கக் கற்றுக்கொண்டாள். எடுத்தவள் வளையம் போடக் கற்றுக்கொண்டாள். அப்புறம் தேர்வு, உரிமம். கூட இருந்தவர்கள் மாற்றலாகிப் போகப் போக, நிலையமே இவள் தலையில் வந்து விழுந்தது. நிலையம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நாணல் ஓரமாக ஒரு மரக் கொட்டகை, ஒரு மேசை, இரண்டு முக்காலி, கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு மழைக்கோட்டு.

வேலையைச் சொல்வது சுலபம். வெயில் குறைந்து குளிர் தலைகாட்டும் பருவத்தில், வடக்கேயிருந்து தெற்கே போகும் சின்னச் சின்னப் பாட்டுக்குருவிகள் அந்த ஏரிக்கரையில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போகும். நாணலுக்கு ஓரமாகக் கம்பங்களை நட்டு, இருப்பதே தெரியாத மாதிரி மெல்லிய கறுப்பு வலையைக் கட்டி வைப்பாள். பறந்து வருகிற குருவி வலையில் முட்டி, அதன் மடிப்பில், தொட்டிலில் விழுவது போல விழும். அதை நோகாமல் எடுத்து, துணிப்பையில் போட்டு, கொட்டகைக்குக் கொண்டுவந்து, எண் அடித்த சின்ன அலுமினிய வளையத்தை இடுக்கியால் காலில் மாட்டி, எடை பார்த்து, ஜன்னல் வழியாக விட்டுவிட வேண்டும். தொலைவில் வேறு யாரோ அதைப் பிடித்து எண்ணைப் படித்தால், எங்கே இருந்தது எங்கே போயிற்று என்று தெரியவரும். வலை பார்க்கப் போகும்போதும் வளையங்கள் கம்பியில் கோத்து அவள் கழுத்தில் தொங்கும், இடுக்கி இடுப்பில் இருக்கும்.

அவளுக்கு இந்த வேலையில் பிடித்தது எது என்று கேட்டால், குருவி என்றுதான் சொல்வாள். அது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் பிடித்தது, விடியற்காலையிலிருந்து மத்தியானம் வரை யாரும் அவளிடம் எதுவும் பேசாமல் இருந்ததுதான். குருவிகளும் கத்துமே தவிர, பதிலை எதிர்பார்க்காது.

அவள் கணவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். ஊரில் அவருக்குச் செக்கர் என்றே பெயர். வாரத்தில் பாதி நாள் வண்டியில் இருப்பார். மீதி நாள் வீட்டில் தூங்குவார். கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் சண்டை வராததற்கு அதுதான் காரணம் என்று அவள் தன் மகளிடம் சொல்லியிருக்கிறாள். இந்த வருஷம் செக்கர் ஓய்வு பெற்றார்.

ஓய்வு பெற்றவர் வீட்டில் உட்காரவில்லை, நின்றார். கூடத்தின் நடுவில், கால்களை அகட்டி, இடுப்பிலிருந்து மேலே லேசாக ஆடிக்கொண்டு நின்றார். வீடு ஓடவில்லை என்பதை அவர் உடம்பு நம்ப மறுத்தது. சமையலறைக்குப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். குளிர்பதனப் பெட்டியைத் திறந்து, பால் பாக்கெட், வெண்ணெய், ஜாம் என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தேதி பார்த்து, தேதி முடிந்ததைத் தனியாக நிறுத்தி, "நீ எப்படி இங்க இருக்க?" என்று கேட்டார். விருந்தாளி வந்தால் உட்காரச் சொல்வதற்கு முன் எங்கிருந்து வருகிறீர்கள், எதுவரை போகிறீர்கள் என்று விசாரித்தார். ஒரு காலையில் வளையக்காரம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, அவரும் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"உன்கூடத்தான்."

"அங்க என்ன இருக்கு, வெறும் நாணலும் சேறும்."

"இங்க மட்டும் என்ன இருக்கு? வண்டியில நான் வந்தா எல்லாரும் நிமிர்ந்து உட்காருவாங்க. தூங்கறவன்கூட முழிச்சுப்பான். இப்ப நான் வந்தா ஃபிரிட்ஜ் மட்டும்தான் லைட் போடுது."

கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த வருஷம் பார்த்துப் பருவம் மந்தமாகிவிட்டது. வடக்கே வெயில் நீண்டுவிட்டதோ, காற்று திசை மாறிவிட்டதோ, குருவிகள் வரவில்லை. வலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெறும் பையோடு வருவாள். வந்தால் கொட்டகையில் செக்கர் நின்று ஆடிக்கொண்டிருப்பார்.

"என்ன, ஏதாவது ஏறுச்சா?"

"இல்ல."

"ஒரு ஆளுகூடவா இல்ல? காலி வண்டியா?"

"காலி வண்டிதான்."

"அந்த ஓரத்து வலையப் பாத்தியா?"

"பாத்தேன்."

"நல்லாப் பாத்தியா? சில பேரு பாத்ரூம்ல ஒளிஞ்சிருப்பான்."

ஒரே ஒரு குருவி மட்டும் தவறாமல் மாட்டியது. உள்ளூர்க் கதிர்க்குருவி. எங்கேயும் போகாது, எங்கிருந்தும் வராது. நாணலிலேயே பிறந்து நாணலிலேயே குடித்தனம் நடத்துவது. போன வருஷமே காலில் வளையம் ஏறிவிட்டது. காலையில் ஒரு தடவை, வெயில் ஏறியதும் ஒரு தடவை, வேலைக்கு வருவது போல வந்து வலையில் விழும். செக்கர் அதற்குச் 'சீசன் டிக்கெட்' என்று பெயர் வைத்தார். அதை எடுக்கும்போது அதன் காலைத் திருப்பி எண்ணைப் படித்து, "சரி, போகலாம்" என்று விட்டுவிடுவார். அதை வைத்துத்தான் வலையிலிருந்து குருவி எடுக்கக் கற்றுக்கொண்டார். முதலில் கால், அப்புறம் இறக்கை, கடைசியில் தலை. நன்றாகவே கற்றுக்கொண்டார். வளையக்காரம்மாவுக்கு அது கொஞ்சம் உறுத்தலாகக்கூட இருந்தது.

அப்புறம்தான் அவர் அவளிடம் சொல்லாமல் தலைமை அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டார். எனக்கும் வளையம் போடும் உரிமம் வேண்டும், மனைவியோடு இதே நிலையத்தில் வேலை செய்ய விரும்புகிறேன் என்று. தேர்வு எழுத ஒரு வயது வரம்பு இருந்தது. இந்தப் பருவத்தோடு அவருக்கு அது முடிகிறது. இப்போது விட்டால் எப்போதும் இல்லை.

இரவுச் சாப்பாட்டின் நடுவில் இதைச் சொன்னார். அவள் தட்டைப் பார்த்தாள்.

"ஒண்ணும் சொல்லாம இருக்கியே."

"சொல்றதுக்கு என்ன இருக்கு? பாஸானா எவ்வளவு நாளைக்கு?"

"உரிமத்துக்கு முடிவு தேதி கிடையாதாம்," என்றார் செக்கர், சந்தோஷமாக. அவர் பார்த்ததிலேயே முடிவு தேதி இல்லாத ஒரே டிக்கெட் அது.

தேர்வுக்குத் தயாரானார். குருவி இல்லாததால் வீட்டில் இருந்ததற்கெல்லாம் வளையம் போட்டார். எண் தப்பாக அடித்ததால் கழித்துப்போட்ட பழைய வளையங்கள் கொட்டகையில் ஒரு டப்பா நிறையக் கிடந்தன. குடைக்கம்பிகளுக்குப் போட்டார். பல்துலக்கும் பிரஷ்ஷுக்குப் போட்டார். பின்னல் ஊசிகளுக்குப் போட்டதால் பாதிப் பின்னிய ஸ்வெட்டர் அப்படியே நின்றுபோனது. வளையக்காரம்மா ஒருநாள் மூக்குக்கண்ணாடியை மாட்டினால் காதோரம் ஏதோ உரசியது. கழற்றிப் பார்த்தால் இரண்டு காதுக்கம்பியிலும் வளையம்.

"இதை இப்பவே கழட்டுங்க."

"போட்டதே கஷ்டப்பட்டுப் போட்டேன்."

"கழட்டுங்கன்னா கழட்டுங்க. கம்பியில கீறல் விழக் கூடாது."

அவர் மெல்லிய நூலைச் சுருக்குப் போட்டு வளையத்தின் இரண்டு பக்கமும் கோத்து, இழுத்துப் பிரித்துக் கழற்றினார். அன்று மாலையே குடைக்கும் இது நடந்தது. மறுநாள் ஊசிகளுக்கு. அவர் போடுவார், அவள் கழற்றச் சொல்வாள். போட்டதைவிடக் கழற்றியதில்தான் அவர் கை அதிகம் பழகியது என்று சொல்ல வேண்டும்.

தலைமை அலுவலகத்திலிருந்து தேர்வாளர் வந்து சேர்ந்தார். உயரமான, மெலிந்த, ரொம்ப மரியாதையான மனிதர். ஒரு சின்னப் பெட்டி மட்டும் கொண்டுவந்திருந்தார். ஒரு நாள் வேலை என்று நினைத்து வந்தவர். தேர்வு இதுதான்: வளையம் இல்லாத குருவி ஒன்றை விண்ணப்பித்தவர் தன் கையால் வளையம் போட்டு, எடை பார்த்து, விட வேண்டும். சீசன் டிக்கெட் செல்லாது. அதன் காலில் ஏற்கெனவே வளையம் இருக்கிறது.

முதல் நாள் குருவி வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை.

"நீங்க ஊருக்குப் போங்க, குருவி வந்ததும் போன் பண்றோம், அப்ப வாங்க சார்," என்றாள் வளையக்காரம்மா.

"அது முடியாதும்மா. 'தேர்வை நடத்தி முடித்துத் திரும்பவும்'னு ஆர்டர். நடத்தாம திரும்பறதுக்கு அதுல வழியே இல்ல."

"குருவியே வரலைன்னா?"

தேர்வாளர் யோசித்தார். "பருவம் முடிஞ்சா தானா ரத்தாயிடும். அதுவரைக்கும் இருக்கணும்."

இருந்தார். மகள் வேலைக்கு வேறு ஊருக்குப் போனதால் காலியாகக் கிடந்த அறையில் தங்கினார். கொட்டகையில் இருந்த இரண்டு முக்காலியில் ஒன்று அவருக்குப் போயிற்று. சமையலறையிலிருந்து மூன்றாவது முக்காலி ஒன்று வந்து செக்கருக்கு ஆனது. மேசையில் தேர்வாளருடைய அளவுகோல்களும் மருந்து பாட்டில்களும் ஏறின. மழைக்கோட்டு மாட்டும் ஆணியில் அவர் கோட்டு தொங்கியது. வளையக்காரம்மாவின் முக்காலி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து கதவுக்கு வெளியே போய்விட்டது. பெட்டியில் துணி குறைவு என்பதால் தேர்வாளர் தினமும் காலுறையைத் துவைத்துக் கொட்டகைக்கு வெளியே காயப்போட்டார். காற்றடித்த ஒரு நாள் அதில் ஒன்று பறந்து போய் ஓரத்து வலையில் மாட்டியது. தூரத்திலிருந்து பார்த்துவிட்டுச் செக்கர் துணிப்பையோடு ஓடினார். போய், அது என்ன என்று தெரிந்த பிறகும், முறைப்படி மடிப்பிலிருந்து எடுத்து, பைக்குள் போட்டு, கொண்டுவந்து கொடுத்தார்.

"நல்லா எடுத்திருக்கீங்க," என்றார் தேர்வாளர், பையைத் திறந்து பார்த்து. "நூல்கூட இழுக்கல."

ஆண்கள் இருவரும் ரயிலைப் பற்றிப் பேசினார்கள். விடியற்காலையிலிருந்து மத்தியானம் வரை பேசினார்கள். எந்தச் சந்திப்பில் வண்டி எவ்வளவு நேரம் நிற்கும், எந்தப் பெட்டியில் ஆட்டம் அதிகம் என்று பேசினார்கள். ஒருநாள் தேர்வாளர் வாய்தவறி, படிக்கிற காலத்தில் ஒரு தடவை டிக்கெட் இல்லாமல் வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். செக்கர் ஆடுவதை நிறுத்தினார். அதற்குப்பின் அன்று முழுக்க அவர் பேசவில்லை. வளையக்காரம்மாவுக்கு அந்தப் பருவத்திலேயே நல்ல நாள் அதுதான். மறுநாள் செக்கர் மன்னித்துவிட்டார்.

மகள் போனில் கூப்பிட்டாள்.

"என்னம்மா, அப்பா தேர்வு முடிஞ்சுதா?"

"குருவி வரலடி."

"வந்தா பாஸாயிடுவாரா?"

"பாஸாயிடுவாரு. கை நல்லா இருக்கு."

"அப்போ இனிமே ரெண்டு பேரும் சேர்ந்தே இருப்பீங்க. உனக்குச் சந்தோஷம்தானே?"

"உங்கப்பா சந்தோஷமா இருப்பாரு."

"நான் உன்னைக் கேட்டேன்மா."

"சிக்னல் சரியில்ல," என்று சொல்லி வைத்துவிட்டாள். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

அவள் கணக்கு தெளிவாக இருந்தது. குருவி வந்தால் தேர்வாளர் போவார், செக்கர் இருப்பார். சாகிற வரைக்கும் ஒவ்வொரு விடியலிலும் இருப்பார். குருவி வராவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் இரண்டு பேரையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் விண்ணப்பம் ரத்து, உரிமம் இல்லாதவர் கொட்டகைக்குள் உட்காரக் கூடாது என்று விதியைக் காட்டிவிடலாம், கொட்டகை மறுபடி அவளுடையது. அவர் வீட்டில் இருப்பார். ஃபிரிட்ஜைத் திறந்து மூடிக்கொண்டிருப்பார். அந்த இடம் வரும்போது மட்டும் கணக்கு உதைத்தது. கெட்ட மனுஷன் என்றால் சுலபமாக இருக்கும். அவர் கெட்ட மனுஷன் இல்லை, பேசுகிற மனுஷன்.

ஒரு காலை பனி இறங்கி நாணல் நுனிகூடத் தெரியவில்லை. பிளாஸ்கின் மூடி எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்பதில் ஆண்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு. அவர்களை விட்டுவிட்டு அவள் மட்டும் வலை பார்க்கப் போனாள். முதல் வலை காலி. நடு வலையில் சீசன் டிக்கெட். எடுத்து விட்டாள். ஓரத்து வலையின் கீழ் மடிப்பில் இன்னொன்று கிடந்தது.

ஈப்பிடிப்பான். உடம்பெல்லாம் மங்கிய பழுப்பு, முகத்தில் பாதி கண். வயிற்றுப்பக்கம் ஊதிப் பார்த்தாள். நெடுந்தூரம் பறந்து கொழுப்பெல்லாம் கரைந்து மெலிந்திருந்தது. கால்களைப் பார்த்தாள். இரண்டும் வெறுங்கால். வளையம் இல்லை.

கையில் பிடித்துக்கொண்டு பனிக்குள் நின்றாள். இந்தப் பனியில் கொட்டகையிலிருந்து யாருக்கும் இந்த வலை தெரியாது. கொண்டு போய்க் கொடுத்தால் இன்றைக்கே எல்லாம் முடிந்துவிடும். கையை விரித்தால் இன்றைக்கே வேறு மாதிரி முடிந்துவிடும். விரித்துவிட்டுப் போய், காலி வண்டி என்று சொல்ல வேண்டியதுதான். பொய்தான். ஆனால் சின்னப் பொய். இத்தனை வருஷமாக ஒரு குருவியைப் பற்றியும் அவள் பொய் சொன்னதில்லை. சொல்லலாமா? அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? முகத்தைப் பார்க்காமல் பிளாஸ்கைப் பார்த்துச் சொல்லலாம். ஆனால் அவர் அதோடு விடமாட்டார், நல்லாப் பாத்தியா என்று கேட்பார். அப்போது என்ன செய்வது? அப்படி அவர் கேட்காத ஒரு காலை எப்படி இருக்கும் என்று யோசித்தாள். தண்ணீர்ச் சத்தம் மட்டும் இருக்கும். அதையும் இதையும் மாற்றி மாற்றி நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கோ பக்கத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

குனிந்து பார்த்தாள். கழுத்துக் கம்பியில் கோத்திருந்த வளையங்களில் ஒன்று குறைந்திருந்தது. இடுக்கி வலக்கையில் இருந்தது. ஈப்பிடிப்பானின் காலில் வளையம் இருந்தது.

கை போட்டுவிட்டது.

"ஐயய்யோ," என்றாள் உரக்க. அந்தத் திடுக்கிடலில் இடுக்கி இன்னொரு தடவை இறுகியது.

கொட்டகைக்கு அவள் நடந்து வந்தது குருவி திருடியவள் நடந்து வருவது போலத்தான் இருந்தது. செக்கர் பையைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பை அசைந்தது.

"சீசன் டிக்கெட்டா?"

"இல்ல. புதுசு."

தேர்வாளர் அவசரமாகக் கோட்டை மாட்டிக்கொண்டார். தேர்வு என்றால் கோட்டு வேண்டும். செக்கர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஆனா வளையம் போட்டாச்சு," என்றாள் அவள்.

"யாரு போட்டது?"

"நான்தான்."

பிளாஸ்கின் மூடி யார் கையிலிருந்தோ விழுந்து உருண்டது. அதன் வழக்கு அன்று முடிவாகவில்லை. தேர்வாளர் மெதுவாக, புண்பட்ட குரலில் கேட்டார்.

"தெரிஞ்சுதான் போட்டீங்களாம்மா?"

"கைக்குத் தெரியும் சார். எனக்குத் தெரியாது."

இதை யாராவது நம்புவார்களா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. செக்கர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் திருப்பிக் கத்தலாம். அவர் கத்தவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளங்கையை நீட்டினார். இரவு வண்டியில், எத்தனையோ பேரிடம், எத்தனையோ கதைகளைக் கேட்ட பிறகு அவர் நீட்டிய அதே கை.

"குடு. பாக்கலாம்."

கொடுத்தாள். இரண்டு விரலுக்கு நடுவில் கழுத்து, உள்ளங்கையில் உடம்பு, சரியான பிடி. காலை வெளிச்சத்தில் திருப்பினார். எண்ணைப் படித்தார். இன்னும் கொஞ்சம் திருப்பினார். அவர் முகத்தில் எல்லாப் பயணிகளுக்கும் பரிச்சயமான ஒரு நிதானம் வந்தது.

"சார், இது செல்லாது."

"என்ன செல்லாது?"

"வளையத்தோட ஒரு முனை இன்னொரு முனை மேல ஏறியிருக்கு. கால உரசும். புண்ணாயிடும்."

"இருக்காது," என்றாள் வளையக்காரம்மா. அவள் போட்ட வளையம் ஒன்றுகூட இதுவரை முனை ஏறியதில்லை. தேர்வாளர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்க்கத் தேவைப்படவில்லை.

"ஏறித்தாம்மா இருக்கு. கழட்டியாகணும். நீங்க கழட்டறீங்களா?"

அவள் கையை நீட்டினாள். கை நடுங்கியது. அந்தக் கை நடுங்கி அவள் பார்த்ததே இல்லை. வேறு யாருடைய கையோ என்பது போல அதைப் பார்த்தாள்.

"நீ உட்காரு," என்றார் செக்கர்.

மேசையின் இழுப்பறையிலிருந்து நூலை எடுத்தார். குடைக்கும் பின்னல் ஊசிக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் செய்தது போலவே, சுருக்கை இரண்டு பக்கமும் கோத்து, ஒன்றைத் தேர்வாளர் பிடிக்க, மற்றதைத் தான் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். வளையம் வாயைத் திறந்தது. காலில் கீறல்கூட இல்லை. ஈப்பிடிப்பானின் கால் வெறுங்காலாயிற்று. அதாவது, தேர்வுக்குத் தகுதியான காலாயிற்று.

தேர்வாளரும் செக்கரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆரம்பிக்கலாமா சார்?"

"ஆரம்பிங்க."

புது வளையத்தை இடுக்கியில் வைத்தார். மூடினார். திருப்பிப் பார்த்து இன்னொரு தடவை மூடினார். முனையோடு முனை சேர்ந்து, நடுவில் ஒரு தலைமுடி போகக்கூட இடம் இல்லை. எண்ணை உரக்கப் படித்தார், தேர்வாளர் எழுதிக்கொண்டார். எடை பார்த்தார். ஜன்னலருகே போய்க் கையை விரித்தார். "சரி, போகலாம்," என்றார். குருவி ஒரு கணம் அவரைப் பார்த்தது. அப்புறம் பனிக்குள் போய்விட்டது.

"பாஸ்," என்றார் தேர்வாளர்.

செக்கர் முக்காலியில் உட்கார்ந்தார். ஆடவில்லை. வண்டி கடைசியில் ஒரு ஸ்டேஷனில் நின்றுவிட்ட மாதிரி, அசையாமல் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்தபோது வளையக்காரம்மாவுக்குள் நிம்மதியும் எரிச்சலும் சேர்ந்து விழுந்த சிடுக்கு, அவளால் பிரிக்கக்கூடிய ரகம் இல்லை.

தேர்வாளர் பெட்டியைக் கட்டிவிட்டு, காய்ந்தும் காயாத காலுறைகளைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, போகாமல் நின்றார்.

"இன்னொண்ணு இருக்கும்மா. சொல்லவே சங்கடமா இருக்கு."

"சொல்லுங்க சார்."

"வளையத்தோட முனை ஏறினது தெரியவந்தா, போட்டவங்க அந்தப் பருவம் முடியற வரைக்கும் தனியா பறவையை விடக் கூடாதுன்னு விதி. உரிமம் இருக்கற இன்னொருத்தர் பாத்துச் சரின்னு சொன்ன பிறகுதான் விடணும்."

"உரிமம் இருக்கற இன்னொருத்தர் யாரு இருக்கா இங்க?" என்று கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் பதில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பதில் முக்காலியில் உட்கார்ந்து சட்டையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தது.

"நான் போடற ஒவ்வொரு வளையத்தையும் இவர் பாக்கணுமா?"

"இந்தப் பருவம் முடியற வரைக்கும்தான்."

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷம் நீங்க விருப்பப்பட்டாத்தான்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் செக்கர் வழக்கத்தைவிட மெதுவாக நடந்தார். சேற்றுப் பாதை முடிந்து தெரு ஆரம்பிக்கும் இடத்தில் நின்றார்.

"ஒண்ணு கேக்கறேன். உண்மையைச் சொல்லு. வேணும்னேதான போட்ட?"

"வேணும்னே போட்டிருந்தா ஒழுங்கா போட்டிருக்க மாட்டேனா?"

செக்கர் இதை யோசித்தார். அவர் வாழ்நாளில் கேட்ட காரணங்களில், விசாரணைக்கு நின்றவை ரொம்பக் குறைவு.

"அது சரிதான்," என்றார். கொஞ்ச தூரம் போய், "ஆனா நான் வர்றது உனக்குப் பிடிக்கல," என்றார்.

"வர்றது பிடிக்காம இல்ல. பேசறதுதான்."

"பேசாம எப்படிம்மா இருக்கறது?"

"நான் இருந்தேனே இத்தனை வருஷம்."

வீட்டு வாசலில் சாவியைத் தேடும்போது, "எதுவரைக்கும் பேசக் கூடாது?" என்று கேட்டார்.

"வலை பாக்கற முதல் சுற்று முடியற வரைக்கும்."

"சரி."

மறுநாள் விடியலில் கொட்டகையில் இரண்டு முக்காலிதான் இருந்தது. மூன்றாவதைத் தன் கையாலேயே வீட்டுக்கு எடுத்துப்போய் வைத்துவிட்டார். ஆணியில் அவள் மழைக்கோட்டு தொங்கியது. செக்கர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். நாணலில் காற்று போனது. தண்ணீர் கரையை நக்கியது. அவள் ஆசைப்பட்ட அதே சத்தம். பைகளை எடுத்துக்கொண்டு போனாள். முதல் வலை காலி, நடு வலை காலி. அப்படியே திரும்பி வந்து பைகளை மேசையில் வைத்தாள்.

செக்கர் ஒவ்வொரு பையாக எடுத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, தையல் ஓரத்தில் விரலை விட்டுப் பார்த்து, மடித்து வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் தேநீரை ஊற்றினாள். அவர் அதையும் பேசாமல் குடித்தார். கொஞ்ச நேரத்தில் அவளுக்குக் காது அடைத்தது போல ஆகிவிட்டது.

"என்ன, உம்முன்னு இருக்கீங்க? சுற்று முடிஞ்சாச்சே, பேசலாமே."

செக்கர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எங்க முடிஞ்சுது? ஓரத்து வலையப் பாக்காமலே வந்துட்ட. இங்கேருந்து எண்ணிட்டுத்தான இருக்கேன்."

அவள் முறைத்தாள். அவர் உள்ளங்கையை நாணல் பக்கமாக நீட்டினார், அடுத்த பெட்டிக்கு வழிகாட்டுவது போல. ஏதோ முனகிக்கொண்டே சேற்றில் இறங்கிப் போனாள். ஓரத்து வலையின் மடிப்பில் காய்ந்த இலை ஒன்று கிடந்தது. வேறொன்றும் இல்லை. அதைப் பறித்து எறியப் போனவள், எறியாமல், பைக்குள் போட்டு வாயைச் சுருக்கிக் கட்டி, கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். பார்த்துச் சொல்லட்டும்.